1939: மதுரையிலிருந்து படிக்க வேண்டிய ஒரு வருடம்

1939-ல் இந்தியாவில் நடந்தவற்றை யார் தொகுத்தாலும் அநேகமாக ஒரே மாதிரிதான் வரும். ஜனவரியில் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸ் ஜெயித்தது, மே மாதம் பார்வர்டு பிளாக், செப்டம்பரில் உலகப் போர், அக்டோபர் கடைசியில் மாகாண அமைச்சரவைகளின் ராஜினாமா. கீழே பிறந்தவர்கள், இறந்தவர்கள். நடுவில் ஜூலை 8 என்று ஒரு வரி இருக்கும், சில தொகுப்புகளில் அதுவும் இருக்காது: மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம்.

மதுரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த வரி பள்ளிக்கூடத்திலேயே அறிமுகமாகிவிடும். வைத்தியநாத அய்யர் தாழ்த்தப்பட்ட மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார், ஐந்து மதிப்பெண். ஒரு நல்ல மனிதர் ஒரு நல்ல நாளில் ஒரு நல்ல காரியம் செய்தார் என்ற அளவில் கதை முடிந்துவிடும். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஏன் 1939, ஏன் ஜூலை என்று கேட்டால் அந்தக் கதையில் பதில் கிடைக்காது. அந்த வருடத்தின் மற்ற வரிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில மாதம் தள்ளிப் போயிருந்தால் கோயில் கதவு இன்னும் ஏழெட்டு வருடம் மூடியே இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

வருடம் தொடங்கியபோது சென்னை மாகாணத்தை ஆண்டது ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை. 1937 தேர்தலில் ஜெயித்து வந்தது. 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிவிட்டு எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டிருந்தது. மறியல் செய்தவர்களைக் கூட்டம் கூட்டமாக ஜெயிலில் போட்டார்கள். ஈ.வெ.ரா.வும் உள்ளே இருந்தார். சிறையில் இருந்தபடியே நீதிக்கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கைதாகி உடல்நலம் கெட்ட நடராசன் 1939 ஜனவரி 15 அன்று இறந்தார். மார்ச் 12-ல் கும்பகோணத்துத் தாளமுத்து இறந்தார். சென்னை எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகை என்று ஓர் அரசுக் கட்டடம் இருக்கிறதே, அந்த இரண்டு பெயர்களும் இவர்களுடையவைதான். நடராசன் ஒரு தலித் இளைஞர். அவர் சாவுக்குக் காரணம் என்று குற்றம் சாட்டப்பட்ட அதே அமைச்சரவைதான் ஆறு மாதம் கழித்து மதுரையில் தலித்துகளின் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விட்டுவிடுவது இரண்டு தரப்புக்கும் வசதி. ஒரே வருடக் கணக்கில் அந்த வசதி கிடையாது.

தில்லிப் பக்கம் அந்த வருடம் நிறையச் சட்டங்கள் வந்தன. மோட்டார் வாகனச் சட்டம் அப்போது வந்ததுதான். அரை நூற்றாண்டு ஓடியது. முஸ்லிம் பெண்கள் நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்க வழி செய்த சட்டமும் 1939-தான். சென்னையில் ராஜாஜி கொண்டுவந்தது பொது விற்பனை வரி. இந்தியாவிலேயே முதல் முறை. மதுவிலக்கை 1937-ல் சேலத்தில் தொடங்கி ஒவ்வொரு மாவட்டமாக விரித்துக்கொண்டே போனதில் கள், சாராய வருமானம் போயிற்று. அந்த ஓட்டையை அடைக்க வந்த வரி இது. இன்று கீழமாசி வீதியில் ஒரு மூட்டை மிளகாய் வாங்கிவிட்டுப் பில்லைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு அந்த வரியின் வம்சாவளி 1939-ல் தொடங்குகிறது என்று சொல்லிவைக்கலாம்.

சரி, கோயிலுக்கு வருவோம். அன்றைய சட்ட நிலைமை தெரியாமல் ஜூலை 8-ன் கனம் புரியாது.

ஒரு கோயிலுக்குள் யார் போகலாம், எதுவரை போகலாம் என்பதை அன்றைய நீதிமன்றங்கள் வழக்கத்தை வைத்தே தீர்த்தன. வழக்கம் என்று நிரூபித்துவிட்டால் அதுவே சட்டம். இதற்கான பெரிய வழக்கு நம் பக்கத்திலிருந்தே போனது. 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தைச் சேர்ந்த சிலர் நுழைந்து வழிபட்டார்கள். கோயில் ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பொறுப்பில் இருந்தது. பாஸ்கர சேதுபதி பெயரில் மதுரையில் வழக்கு நடந்தது. அது சென்னை உயர்நீதிமன்றம் ஏறி, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் முடிந்தது. எல்லாப் படியிலும் நாடார்கள் தோற்றார்கள். உள்ளே போக உரிமை இல்லை, வழக்கம் அப்படி. இடையில் 1899-ல் சிவகாசியில் கோயில் நுழைவை ஒட்டி எழுந்த பகை பெருங்கலவரமாக வெடித்தது.

ஆகவே 1939-ல் ஓர் அறங்காவலரோ அதிகாரியோ மனமுவந்து கதவைத் திறந்துவிட்டால்கூட, வழக்கத்தை மீறினார் என்று யார் வேண்டுமானாலும் அவர்மேல் வழக்குப் போடலாம். தீட்டுக் கழிக்கச் சுத்தி செய்கிற செலவைக் கேட்கலாம். நுழைந்தவர்கள்மேல் வழிபாட்டு இடத்தைத் தீட்டுப்படுத்தியதாகக் கிரிமினல் வழக்கும் வரலாம். லண்டன் தீர்ப்பு ஒன்று எதிரே நிற்கும்போது நல்லெண்ணம் மட்டும் போதாது. ஒன்று, சட்டம் மாற வேண்டும். இல்லையென்றால், மாற்றத் தயாராக இருக்கும் ஓர் அரசு பின்னால் நிற்க வேண்டும்.

அந்த அரசும் முதலில் தயாராக இல்லை. 1938-ல் தாழ்த்தப்பட்டோர் தலைவரும் சட்டமன்ற உறுப்பினருமான எம்.சி. ராஜா இரண்டு மசோதாக்களை எடுத்துவந்தார். பொதுச்சாலை, கிணறு போன்றவற்றில் தடை கூடாது என்ற சட்டம் நிறைவேறியது, கோயில்கள் அதில் சேரவில்லை. கோயில் நுழைவுக்கென்று அவர் கொண்டுவந்த தனி மசோதாவை ராஜாஜி ஆதரிக்கவில்லை, அது தோற்றது. மாகாணம் முழுவதற்கும் இப்போது வேண்டாம், மலபாருக்கு மட்டும் தனியாகச் செய்யலாம் என்பது அவர் நிலை. திருவிதாங்கூர் மன்னர் 1936 நவம்பர் 12 அன்றே தன் சமஸ்தானத்துக் கோயில்களைத் திறந்துவிட்டிருந்ததால், பக்கத்திலிருந்த மலபாரில் முதலில் செய்வது சுலபம் என்று கணக்குப் போட்டிருக்கலாம். எம்.சி. ராஜாவுக்கு இது துரோகமாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

மதுரையில் நடந்தது என்னவென்றால், சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல் காரியத்தை முதலில் முடித்தார்கள்.

அ. வைத்தியநாத அய்யர் தஞ்சை மாவட்டத்தில் பிறந்து மதுரையில் பெயர் பெற்ற வக்கீல், அரிஜன சேவா சங்கத்தின் தமிழ்நாட்டுத் தலைவர். கமுதித் தீர்ப்பின் எடை ஒரு வக்கீலுக்குத் தெரியாமல் இருக்காது. அவரும் எல்.என். கோபாலசாமியும் நகரத்தில் கூட்டங்கள் போட்டு, வழிபடுகிற மக்களில் பெரும்பாலோர் எதிர்க்கவில்லை என்று காட்டும் வேலையைச் செய்தார்கள். முத்துராமலிங்கத் தேவர் ஆதரவாக நின்றார். அடியாட்களை வைத்துத் தடுத்துவிடலாம் என்று நினைத்தவர்களுக்கு அந்த ஆதரவு போதுமான எச்சரிக்கையாக இருந்தது என்று மதுரையில் இன்றும் சொல்வார்கள்.

இதைவிட முக்கியமான இன்னொரு சௌகரியம் இருந்தது, அதைப் பேசுவோர் குறைவு. 1920-களில் வந்த அறநிலையச் சட்டத்தின் காரணமாக, மீனாட்சி கோயிலின் அன்றாட நிர்வாகம் ஒரு நிர்வாக அதிகாரியின் கையில் இருந்தது. ஆர்.எஸ். நாயுடு. பரம்பரை அறங்காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் சொந்தபந்தம், சாதிக் கட்டுப்பாடு, ஊர்ப்பேச்சு எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். நாயுடு நியமன அதிகாரி. அவர் சம்மதித்தால் வாசலில் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர் சம்மதித்தார்.

ஜூலை 8, சனிக்கிழமை காலை. கூட்டம் கூட்டி, கொடி பிடித்து, முன்கூட்டியே நாள் குறித்துப் போயிருந்தால் வாசலிலேயே மோதல் நடந்திருக்கும். சிறு குழுவாகவே போனார்கள். தாழ்த்தப்பட்டோர் ஐந்து பேர், நாடார் ஒருவர். ஐவரில் ஒருவர் மேலூருக்குப் பக்கத்துத் தும்பைப்பட்டியைச் சேர்ந்த பி. கக்கன், இன்னொருவர் சுவாமி முருகானந்தம். நாடார் சமூகத்திலிருந்து சண்முக நாடார். கமுதி வழக்கை அறிந்தவர்களுக்கு அந்த ஆறாவது ஆள் ஏன் வந்தார் என்று விளக்க வேண்டாம். நிர்வாக அதிகாரி வரவேற்று உள்ளே அனுப்பினார். அம்மன் சன்னதியில் கும்பிட்டு வெளியே வந்தார்கள். அதுவரை அவர்களுடைய எல்லை கோபுரத்துக்கு வெளியே, சித்திரை வீதியிலேயே முடிந்திருந்தது.

ஆர்ப்பாட்டமே இல்லாமல் முடிந்ததால் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். விவகாரம் அதற்கப்புறம்தான் சூடு பிடித்தது. சுத்தி செய்யாமல் பூஜை கிடையாது என்று கோயில் அர்ச்சகர்களான பட்டர்கள் நின்றார்கள். நிர்வாகம் சுத்திக்குச் சம்மதிக்கவில்லை. சம்மதித்திருந்தால் வந்தவர்கள் தீட்டு என்பதை நிர்வாகமே ஒப்புக்கொண்டதாகிவிடும். பட்டர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வர மறுக்க, அவர்களை இடைநீக்கம் செய்தார்கள். ஒத்துழைத்த ஒரு சிலரை வைத்து பூஜை தொடர்ந்தது. அந்த ஒரு சிலரை உறவுக்காரர்களே ஒதுக்கிவைத்தார்கள். மீனாட்சி கோயிலை விட்டே போய்விட்டாள் என்று சொல்லி, தமிழ்ச் சங்கம் சாலையில் ஒரு வீட்டில் தனி வழிபாடு நடத்திய சனாதனிகளும் இருந்தார்கள். நீதிமன்றங்களில் வழக்கு மேல் வழக்கு. பட்டர்கள் எல்லாவற்றிலும் தோற்று, 1945-ல்தான் வேலைக்குத் திரும்பினார்கள். உலகப் போர் முடிந்த வருடமும் அதுதான். மதுரைக்குள்ளேயே போருக்குச் சமமான நீளத்தில் ஒரு மல்லுக்கட்டு நடந்திருக்கிறது.

வழக்குகள் ஏன் தோற்றன என்பதற்கு விடை அதே ஜூலையில் இருக்கிறது. நுழைவு நடந்த சில நாட்களிலேயே ஓர் அவசரச் சட்டம் வந்தது, அடுத்த சில வாரங்களில் சட்டமன்றம் அதை முறையான சட்டமாக்கியது. பெயரே காரியத்தைச் சொல்லும்: ஆலயப் பிரவேச அனுமதி மற்றும் பாதுகாப்புச் சட்டம், 1939. பாதுகாப்பு என்பது கதவைத் திறந்த அதிகாரிக்கும் உள்ளே போனவர்களுக்கும் அழைத்துப் போனவர்களுக்கும். நடந்து முடிந்த காரியத்துக்கு யாரும் வழக்குப் போட முடியாது என்று பின்தேதியிட்டுக் காப்பாற்றியது. அனுமதி என்பது வருங்காலத்துக்கு. வழிபடுவோரின் பொதுக் கருத்து எதிராக இல்லை என்று தெரிந்தால், அரசின் ஒப்புதலோடு அறங்காவலர்கள் கோயிலைத் திறக்கலாம். திறக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. இது எம்.சி. ராஜா கேட்டதைவிடக் குறைவுதான். ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டு தஞ்சைப் பெரிய கோயில் உட்படப் பல கோயில்கள் அந்த வருடத்திலேயே திறந்தன. முந்தின வருடம் வேண்டாம் என்று சொன்ன அதே ராஜாஜி, மதுரை முந்திக்கொண்டதும் துணிந்து பின்னால் நின்றார். அவரைப் புகழ்பவர்கள் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள், திட்டுபவர்கள் முதலாவதை மட்டும்.

இப்போது போஸ் விஷயத்துக்கு வர வேண்டும், அதுவும் மதுரை வழியாகவே. ஜனவரி 29 தேர்தலில் காந்தியின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவைத் தோற்கடித்தார் போஸ். மார்ச்சில் திரிபுரி மாநாட்டுக்கு நோயாளியாக வந்தார், ஏப்ரல் கடைசியில் பதவியை விட்டார், மே மாதம் பார்வர்டு பிளாக் தொடங்கினார். முத்துராமலிங்கத் தேவர் அவர் பக்கம் சாய்ந்ததற்குக் கைரேகைச் சட்டம் ஒரு பெரிய காரணம். குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்களும் தெற்கே மறவர்களும் ரேகை வைத்துவிட்டு, போலீஸ் கண்காணிப்பில் வாழ்ந்தார்கள். 1920-ல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்ற ரத்தம் ஊர் ஞாபகத்தில் காயவில்லை. காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தால் அந்தச் சட்டம் போகும் என்று நம்பித்தான் தேவர் 1937-ல் அந்தக் கட்சிக்கு வேலை செய்தார். ஆட்சி வந்தது, சட்டம் போகவில்லை. ஆலயப் பிரவேசத்தில் காங்கிரஸ்காரரான அய்யரோடு நின்ற தேவர், அதே வருடம் அந்த அமைச்சரவையோடு முறித்துக்கொண்டார். அவரவர் பிரச்சினைக்கு அவரவர் கூட்டணி.

செப்டம்பர் 3 அன்று போஸ் சென்னையில் கடற்கரைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து யாரோ அன்றைய மாலைப் பத்திரிகையை அவர் கையில் கொடுத்தார்கள். பிரிட்டன் ஜெர்மனியோடு போரில் இறங்கிவிட்டது என்று மேடையிலேயே படித்துத் தெரிந்துகொண்டதாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 6-ல் மதுரையில் பொதுக்கூட்டம். தேவர் ஏற்பாடு. கட்சித் தலைமை ஒதுக்கிவைத்த ஒருவருக்கு மதுரை அன்று கொடுத்த வரவேற்பு, இந்தப் பக்கத்து அரசியலில் பார்வர்டு பிளாக் பல பத்தாண்டுகள் நிலைக்கப் போவதன் அறிகுறி.

போர் அறிவிப்பில் இந்தியர் எவரையும் வைஸ்ராய் லின்லித்கோ கேட்கவில்லை. அதை எதிர்த்து காங்கிரஸ் மாகாண அமைச்சரவைகளை விலகச் சொன்னது. சென்னை அமைச்சரவை அக்டோபர் கடைசியில் போனது. கவர்னர் எர்ஸ்கின் கையில் நேரடி ஆட்சி. 1946 வரை சென்னையில் தேர்ந்தெடுத்த அமைச்சரவையே கிடையாது.

ஜூலை 8-க்கும் அக்டோபர் கடைசிக்கும் இடையில் நான்கு மாதம்கூட இல்லை. மதுரைக் குழு, தைப்பொங்கல் கழியட்டும், 1940-ல் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளியிருந்தால்? கதவைத் திறந்த அதிகாரியைக் காப்பாற்றச் சட்டமன்றமே இருந்திருக்காது. போர்க்காலத்தில் சனாதனிகளின் பகையைச் சம்பாதிக்க ஒரு வெள்ளைக்கார கவர்னருக்கு என்ன அவசியம்? கமுதித் தீர்ப்பு அப்படியே நின்றிருக்கும், பட்டர்கள் வழக்கில் ஜெயித்திருக்கவும் வாய்ப்புண்டு.

கவர்னர் ஆட்சியில் ராஜாஜி அரசின் காரியங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதிக்கு ஆளானது இன்னும் சுவாரசியம். கட்டாய இந்தி 1940 பிப்ரவரி 21 அன்று ரத்தானது. விற்பனை வரி அப்படியே இருந்தது, வருமானம் தருவதை எந்த அரசு கைவிடும்? மதுவிலக்கைப் போரின் நடுவிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆலயப் பிரவேசச் சட்டத்தில் கைவைக்கவில்லை. கைரேகைச் சட்டம் தொடர்ந்தது, 1947-ல்தான் போனது.

டிசம்பர் 22 அன்று ஜின்னா, காங்கிரஸ் ஆட்சிகள் ஒழிந்ததை விடுதலை நாளாகக் கொண்டாடச் சொன்னார். அம்பேத்கரும் ஈ.வெ.ரா.வும் ஆதரித்தார்கள். தாளமுத்துவையும் நடராசனையும் பறிகொடுத்தவர்கள் அந்த அமைச்சரவை போனதற்கு மகிழ்ந்ததில் வியப்பில்லை.

இறந்தவர்கள் பகுதியில் அம்பேத்கரோடு தொடர்புள்ள இன்னொரு பெயர், பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட். பிப்ரவரி 6-ல் காலமானார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் படித்தது அவர் தந்த உதவித்தொகையில். கதர் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான லாலா ஹர் தயாள் மார்ச் 4-ல் அமெரிக்காவில் இறந்தார்.

பிறந்தவர்களில் முலாயம் சிங் யாதவ் நவம்பரில் வருகிறார். நமக்கு வேண்டியவர் டிசம்பரில்: எல்.ஆர். ஈஸ்வரி, லூர்து மேரி ராஜேஸ்வரி. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் குரல் இல்லாமல் ஆடி மாதத்தில் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எந்த மாரியம்மன் கோயிலிலும் மைக் செட் கட்டுவதில்லை. யார் எந்தக் கோயிலுக்குள் வரலாம் என்று நீதிமன்றம் ஏறிய வருடத்தில் பிறந்தவர் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

காந்தி 1946 பிப்ரவரியில் மதுரை வந்தபோது மீனாட்சி கோயிலுக்குள் போனார். எல்லோருக்கும் திறக்காத கோயிலில் கால் வைப்பதில்லை என்று முந்தைய மதுரைப் பயணங்களில் தவிர்த்தவர். அடுத்த வருடம் சென்னை மாகாணத்தில் புதிய ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அறங்காவலர் விரும்பினால் என்ற நிபந்தனை போய், நுழைவு உரிமையானது.

ஜூலை 8 குழுவில் போன கக்கன் பின்னாளில் அமைச்சரானார். 1965 ஜனவரி 25 அன்று வடக்கு மாசி வீதியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை ஒடுக்கிய போலீசுக்கு மேலே, உள்துறை அமைச்சராக அவர்தான் இருந்தார். ஆலயப் பிரவேசம், இந்தி எதிர்ப்பு என்ற 1939-ன் இரண்டு கதைகளும் அந்த ஒரு மனிதரிடம் வந்து முட்டிக்கொண்டன. 1967 தேர்தலில் கக்கன் சொந்தப் பகுதியான மேலூரில் தோற்றார், ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது.